எஸ்தருக்கு, மாத்திரை விஷயமாக

அன்புள்ள எஸ்தர்,

செல்வின் அண்ணனின் கை நடுக்கம் பார்க்கின்சன்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டதைப் பூரணி சொல்லித்தான் நான் தெரிந்துகொள்ள வேண்டுமா? இதற்கான சண்டையை நேரில் வைத்துக்கொள்கிறேன். இங்கே எல்லாரும் நலம். குற்றாலத்தில் சீசன் பிடித்துவிட்டது, செங்கோட்டையில் துணி காயவில்லை. ஃபோனில் பேசினால் இவர் காதில் விழும், அதனால்தான் கடிதம்.

அண்ணனுக்குப் பிராமிபெக்ஸோல் ஆரம்பித்திருக்கிறார்களாமே? இவருக்கும் அதையே கொடுத்தார்கள். பார்க்கின்சனுக்கு வழக்கமாகத் தருகிற லெவோடோபா மாத்திரையின் வேகம் அடுத்த வேளை வரைக்கும் தாங்கவில்லை என்று கூடவே இதையும் சேர்த்தார்கள். நன்றாகத்தான் கேட்டது, இல்லை என்று சொல்ல மாட்டேன். சட்டைப் பொத்தானைத் தானே போட்டுக்கொண்டார், கட்டிலிலிருந்து கை கொடுக்காமலே எழுந்தார். காலையில் நடக்கவும் கிளம்பினார். நடை எங்கே போய் முடிந்தது என்பதுதான் கதை.

இவர் கையிலிருந்து காசு பெயர்வது எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியும். எங்கள் கல்யாணத்து சோடா கலர் கதையை நீங்கள் இன்னும் சொல்லிச் சிரிக்கிறீர்கள் அல்லவா? அப்பேர்ப்பட்ட மனிதர் பஸ் ஏறிப் புளியரை தாண்டி, கேரளத்து ஆரியங்காவில் இறங்கி லாட்டரிச் சீட்டு வாங்கிக்கொண்டிருந்திருக்கிறார்! தமிழ்நாட்டில் 2003-இல் லாட்டரியைத் தடை செய்தார்கள். எங்கள் ஊர்க்காரர்களுக்கு அது கொஞ்சம் தள்ளிப் போனது, அவ்வளவுதான்.

இன்சூரன்ஸ் ஃபைலைத் தேடப் போய்ப் பீரோவின் அடித்தட்டில் கட்டுக் கட்டாகச் சீட்டுகளைப் பார்த்தேன். ஒவ்வொரு கட்டுக்கும் ரப்பர் பாண்டு, மேலே ஒரு துண்டுத்தாளில் பென்சிலால் குறிப்பு. முதல் எழுத்து பெரிதாக இருக்கிறது, வரி முடிவதற்குள் எறும்பு அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. அந்த நோய்க்கு எழுத்து அப்படித்தான் ஆகும். அதிலும் தேதி தவறாமல், குலுக்கல் பெயர் தவறாமல் எழுதி வைத்திருந்தார். ஆயிரம் ரூபாய் விழுந்த சீட்டு ஒன்றும் அதற்குள் கிடந்தது. முப்பது நாளுக்குள் கொடுத்தால்தான் பணம், கெடு தாண்டிவிட்டது. பரிசைப் பற்றி அவருக்கு அக்கறையே இல்லை, எஸ்தர். மூன்று மணிக் குலுக்கல் இருந்தால் போதும். நிரந்தர வைப்பில் ஒன்றை முறித்திருந்தது அதற்குப் பிறகு தெரிந்தது.

மகன் வந்து கத்தினான். வயதான காலத்தில் புத்தி கெட்டுவிட்டது என்றான். இவர் தலையைத் தூக்கவே இல்லை. "நிறுத்த வேண்டும் என்றுதான் ஒவ்வொரு நாளும் நினைக்கிறேன், முடியவில்லை" என்றார். கல்யாணமான நாளிலிருந்து அந்தக் குரலை நான் கேட்டதில்லை.

வேறொரு நரம்பு டாக்டரிடம் கூட்டிப் போனோம். நான் வாயைத் திறப்பதற்கு முன்பே, "சூதாட்டம், கண்டபடி பொருள் வாங்குவது, ஓயாமல் தின்பது, இப்படி ஏதாவது புதிதாக உண்டா?" என்று அவராகவே கேட்டார். மருந்து எழுதிக்கொடுத்தவர் இந்தக் கேள்வியைக் கேட்டதே இல்லை. எனக்கு வந்த ஆத்திரத்தை எழுதினால் தாள் எரிந்துவிடும். இந்த மாத்திரை மூளையில் டோபமின் என்கிற ரசாயனம் செய்யும் வேலையைத் தானே செய்கிறதாம். கை கால் அசைவுக்கான பகுதியோடு நில்லாமல், ஆசையையும் கிளர்ச்சியையும் ஆளும் பகுதியையும் தூண்டிவிடுகிறது. ரோபினிரோலும் இதே இனம்தான். 2010-இல் வெளிவந்த ஆய்வு ஒன்றில் அமெரிக்காவிலும் கனடாவிலும் 3,090 நோயாளிகளைப் பார்த்திருக்கிறார்கள். இந்த வகை மாத்திரை சாப்பிட்டவர்களில் 17 சதவீதம் பேருக்கு இப்படி ஏதோ ஒன்று இருந்தது, சாப்பிடாதவர்களில் 7 சதவீதம் பேருக்கு.

இன்னொன்றும் உண்டு, நமக்குள் இருக்கட்டும். சிலருக்குப் பெண்ணாசை தலைக்கேறிவிடுமாம். இதை யாரிடம் சொல்வது என்று புழுங்கிக் கிடக்கிற மனைவிமார்கள் எத்தனை பேரோ! உனக்கு அப்படி ஏதாவது தோன்றினால் கூச்சப்படாமல் டாக்டரிடம் சொல். அது அண்ணனுடைய குணமில்லை.

பயந்துபோய் நீயாக மாத்திரையை நிறுத்திவிடாதே. இவருக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைத்தார்கள். அதற்கே வியர்வை, படபடப்பு, காரணமில்லாத கோபம். லெவோடோபாவைத் திடீரென்று நிறுத்தினால் அதைவிட மோசம்: காய்ச்சல் ஏறி, உடம்பு விறைத்து, உயிருக்கே ஆபத்தாகிவிடும். இப்போது லெவோடோபாவைக் கொஞ்சம் கூட்டி ஓட்டுகிறோம். ஆரியங்காவு பக்கம் போவதில்லை. பென்ஷன் கணக்கு என் பெயரிலும் இருக்கிறது.

அண்ணன் இன்னும் ஸ்கூட்டர் ஓட்டுகிறாரா? பிராமிபெக்ஸோல் சாப்பிடுகிறவர்களுக்குச் சொல்லாமல் கொள்ளாமல் தூக்கம் வந்து விழும். சாவியை ஒளித்து வை, திட்டினால் திட்டட்டும்.

அப்புறம், பக்கத்துத் தெரு கிளினிக் விவகாரம். இவருக்கு ஒருமுறை வாந்தி வந்து, மெட்டோகுளோப்ரமைட் ஊசி போட்டு அனுப்பினார்கள். மறுநாள் கட்டிலில் புரண்டு படுக்கக்கூட முடியவில்லை. டோபமினை மூளைக்குள்ளேயே தடுக்கிற மருந்து அது. தலைசுற்றலுக்குக் கொடுக்கிற புரோகுளோர்பெரசினும் அப்படித்தான். நம் ஊரில் வாயுத் தொல்லை என்றதும் எழுதித் தருகிற மாத்திரைகள் பலவற்றில் லெவோசல்பிரைடு கலந்திருக்கிறது. அது நோயே இல்லாதவர்களுக்கும் நடுக்கத்தைக் கொண்டுவரும், அண்ணனுக்கு அறவே ஆகாது. அட்டையின் பின்னால் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள், கண்ணாடியை மாட்டிக்கொண்டு படி. லெவோடோபா ஆரம்பிக்கும்போது இரும்புச் சத்து மாத்திரையோடு சேர்த்துக் கொடுக்காதே, இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். சாப்பாட்டுக்கு அரை மணி முன்பே கொடுத்துவிடு. பருப்பும் முட்டையும் கூட இருந்தால் மருந்து சரியாக உடம்பில் சேராது. உன் மாமியார் பூனைக்காலி விதைப் பொடியைத் தேடிக்கொண்டு வந்து நிற்பார், எனக்குத் தெரியும். அந்த விதையிலேயே லெவோடோபா இருக்கிறது, டாக்டருக்குத் தெரியாமல் சேர்த்தால் அளவு எகிறிவிடும். இந்த நோய்க்கே தருகிற ராசஜிலின் மாத்திரையை எழுதினால் டிரமடால் வலி மாத்திரையும் சில இருமல் மருந்துகளும் கூடாது.

ஒரு அட்டையில் ஆகாத மருந்துகளின் பெயர்களை எழுதி இவர் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன். எந்த டாக்டரிடம் போனாலும் முதலில் அதைத்தான் நீட்டுகிறார். பாதிப் பேருக்கு முகம் சுளிக்கிறது, சுளித்துவிட்டுப் போகட்டும். அண்ணனுக்கும் ஒன்று எழுதி இதோடு வைத்திருக்கிறேன். உங்கள் டாக்டரிடம் காட்டிச் சரிபார்த்துக்கொள்.

பூரணி மகள் வளைகாப்புக்கு இரண்டு பேரும் வந்துவிடுங்கள். மருந்துச் சீட்டு எல்லாவற்றையும் கையோடு எடுத்து வா, பழையது உட்பட.

உன்,
பகவதி