அம்மாவின் மாத்திரைப் பை

அன்புள்ள வசந்தி,

உன் கடிதமும் பேரன் படமும் வந்து சேர்ந்தன. மூக்கு அப்படியே உன்னுடையதுதான். சம்பந்தி வீட்டில் யார் என்ன சொன்னாலும் விட்டுக்கொடுத்துவிடாதே. இங்கே எல்லாரும் நலம். சின்ன கோமதி மறுபடியும் வீடு மாறிவிட்டாள். அந்த இட்லிப் பானை இன்னும் அவளிடம்தான் இருக்கிறது, நானே பார்த்தேன். சரி, இனி விஷயத்துக்கு வருகிறேன். இதை யாரிடமாவது முழுசாகச் சொன்னால்தான் எனக்கு ஆறும்.

அம்மாவுக்குக் கொஞ்ச நாளாகத் தலைசுற்றல் இருந்தது. முதலில் படுக்கையை விட்டு எழும்போது மட்டும் வந்தது. அப்புறம் கொல்லையில் பூப்பறிக்க நின்றாலே வர ஆரம்பித்து, ஒரு நாள் கிணற்றடியில் விழுந்துவிட்டாள். நல்லவேளை எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை, நெற்றியில் தையல் மட்டும். "எண்பதைத் தாண்டின கட்டைக்குத் தலை சுத்தாம என்ன செய்யும்" என்று தையல் போடும்போதே நர்ஸுக்குச் சமாதானம் சொல்கிறாள். உனக்குத் தெரியாதா அவளை.

டவுனில் ஒரு பெரிய தனியார் மருத்துவமனைக்குத்தான் கூட்டிப் போனோம். அவளுடைய பிரஷரை அங்கேயும் பார்த்துவந்தார்கள். டோக்கன் வாங்கி உட்கார்ந்தால் டாக்டர் முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே ரத்தம், இசிஜி, ஸ்கேன் எல்லாம் முடிந்துவிடுகிறது. உள்ளே போனதும் அம்மா, "கால் வீங்குதுன்னு ஒரு மாத்திரை குடுத்தீங்களே, அதுக்கப்புறம்தான்..." என்று ஆரம்பித்தாள். டாக்டர் கணினியைப் பார்த்தபடியே, "வயசாச்சுல்ல பாட்டி" என்று சொல்லி, தலைசுற்றலுக்கு ஒன்று, நரம்புக்கு ஒன்று என்று எழுதிக் கொடுத்துவிட்டார். அடுத்த டோக்கனையும் கூப்பிட்டாயிற்று. வெளியே வந்து செருப்பு மாட்டிக்கொண்டே அம்மா, "நான் சொல்ல வந்ததைச் சொல்லவே இல்லையே" என்றாள்.

1984-இல் அமெரிக்காவில் நோயாளிகள் டாக்டரிடம் பேசுவதை ஒலிப்பதிவு செய்து பார்த்திருக்கிறார்கள். நோயாளி பேச ஆரம்பித்துச் சராசரியாக 18 விநாடியில் டாக்டர் குறுக்கிட்டுவிடுகிறாராம். எப்போதோ படித்தது, அன்றைக்குத்தான் உறைத்தது. அம்மாவுக்கு 18 விநாடிகூடக் கிடைக்கவில்லை. தலைசுற்றலுக்கான காரணமே அந்தப் பாதி வாக்கியத்தில்தான் இருந்தது, வசந்தி!

எப்படி என்று சொல்கிறேன். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் எங்கள் தெருவுக்கு ஒரு பெண் வருவாள். சுகர் மாத்திரையை வீட்டிலேயே கொடுப்பாள், பிரஷர் பார்த்து எழுதிக்கொள்வாள். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய திட்டம் அது. 2024-இல் ஐ.நா. விருதுகூடக் கிடைத்தது. அவள் வந்து பார்த்துவிட்டு, "பிரஷர் ரொம்பக் கம்மியா இருக்கே பாட்டி" என்றாள். அலமாரியைத் திறந்து பார்த்தவள், "இத்தனை மாத்திரையா?" என்று திகைத்துப்போனாள். "எல்லாத்தையும் ஒரு பையில போட்டு எடுத்துக்கிட்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வாங்க. செவ்வாய்க்கிழமை மட்டும் வேணாம், அன்னிக்குக் கர்ப்பிணிங்க கூட்டம்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

போனோம். முதலில் நர்ஸ் பிரஷரும் சுகரும் பார்த்துச் சீட்டில் எழுதினார். அப்புறம் டாக்டரம்மா. சின்ன வயசுதான், நம் பெண்களைவிடச் சின்னவர். பையை வாங்கி அப்படியே மேஜைமேல் கவிழ்த்தார். ஒவ்வோர் அட்டையாக எடுத்து, "இது எப்போ சாப்பிடறீங்க? யார் குடுத்தது? எதுக்குன்னு சொன்னாங்க?" என்று கேட்டார். அம்மா பேசினாள். கால் வீக்கத்தில் ஆரம்பித்துக் கன்றுக்குட்டி, பக்கத்து வீட்டு வேலித் தகராறு வரைக்கும் போய்த் திரும்பினாள். டாக்டரம்மா நடுவில் ஒரு வார்த்தை பேசவில்லை, எழுதிக்கொண்டே இருந்தார்.

பிறகு இரண்டு அட்டைகளை எடுத்து என் முன்னால் வைத்தார். ஒன்று இந்த நிலையத்தில் கொடுத்தது. மற்றது டவுன் மருந்துக்கடையில் வாங்கியது, மேலே வேறு ஏதோ பெயர். அடியில் பொடி எழுத்தில் பார்த்தால் இரண்டும் அம்லோடிபின் என்ற பிரஷர் மாத்திரை. ஒரே மாத்திரையை இரண்டு பெயரில் தினமும் விழுங்கிக்கொண்டிருந்திருக்கிறாள். அந்த மாத்திரைக்குக் கணுக்கால் வீங்குவது தெரிந்த பக்கவிளைவாம், அளவு கூடினால் வீக்கமும் கூடுமாம். அந்த வீக்கத்தை வேறு நோய் என்று நினைத்து, நீர் பிரிவதற்கு ஒரு மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். அதனால் உடம்பில் நீரும் உப்பும் குறைந்து, எழுந்து நின்றால் பிரஷர் இறங்கித் தலை சுற்றியிருக்கிறது. அந்தச் சுற்றலுக்கு இன்னொரு மாத்திரை!

அம்மாவைப் படுக்கவைத்து ஒரு முறை, எழுப்பி நிறுத்தி ஒரு முறை பிரஷர் பார்த்தார். நின்றதும் எண் சரசரவென்று இறங்கியதை நானே பார்த்தேன். இரட்டையாக இருந்ததில் ஒன்றையும், நீர் மாத்திரையையும், டவுனில் புதிதாகக் கொடுத்த இரண்டையும் நிறுத்தச் சொன்னார். ரத்தத்தில் உப்பு எவ்வளவு என்று பார்க்க ஜிஹெச்சுக்குச் சீட்டு எழுதித் தந்தார். அடுத்த வாரம் கட்டாயம் வந்து காட்ட வேண்டும் என்றார். இப்போது வீக்கம் வடிந்துவிட்டது. சுற்றலும் இல்லை. அம்மா மறுபடியும் பூப்பறிக்கிறாள், எல்லாரையும் அதட்டுகிறாள்.

அங்கே எல்லாம் பிரமாதம் என்று நினைத்துக்கொள்ளாதே. மருந்து கொடுக்கும் ஜன்னலில் ஒரே ஆள்தான், வயதானவர்கள் வெயிலில் நிற்கிறார்கள். கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. புகார்ப் பெட்டியில் எழுதிப் போட்டிருக்கிறேன். ஆனால் மாத்திரைக்குப் பஞ்சமில்லை. பிரிட்டனில் உங்கள் வேல்ஸ் பக்கம் 2007-இலிருந்து மருந்துக்குக் காசே வாங்குவதில்லை என்று பீற்றிக்கொள்வாயே, இங்கே அரசு நிலையத்தில் அம்மா வாங்கும் மாத்திரைக்கும் காசு கிடையாது, தெரிந்துகொள். 1995-இலிருந்து தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மொத்தமாக வாங்கி, மாவட்டக் கிடங்குகளில் வைத்து அனுப்புகிறது.

என் கவலை வேறு. அந்த டாக்டரம்மாவுக்கு மேற்படிப்புக்கு இடம் கிடைத்துவிட்டது. அரசுப் பணியில் இருக்கிற டாக்டர்களுக்கு அதில் ஒதுக்கீடு உண்டு, நியாயமான ஒதுக்கீடு. கிராமத்தில் வேலை பார்த்த பிள்ளைகள் மேலே படிக்கத்தான் வேண்டும். சந்தோஷமாகத்தான் வாழ்த்திவிட்டு வந்தேன். ஆனால் படித்து முடித்ததும் ஜிஹெச்சிலோ மருத்துவக் கல்லூரியிலோதான் போடுவார்கள், இங்கே திரும்பி வரப்போவதில்லை. அடுத்தவர் எப்போது வருவார் என்று யாருக்கும் தெரியவில்லை. வந்தாலும் அவருக்கு அம்மா ஒரு ஓபி சீட்டு, அவ்வளவுதான். வேலித் தகராறு வரைக்கும் கேட்டால்தான் கால் வீக்கம் எப்போது ஆரம்பித்தது என்பது பிடிபடும் என்று அவருக்கு யார் சொல்வது?

உன் கார்டிஃபுக்குப் பக்கத்திலேயே ஒருவர் இருந்தார், ஜூலியன் டியூடர் ஹார்ட் என்று. கேள்விப்பட்டிருக்கிறாயா? கிளின்கோரக் என்ற சுரங்கத் தொழிலாளர் ஊரில், 2,000 பேர் இருந்தால் அதிகம், கால் நூற்றாண்டுக்கு மேல் ஒரே டாக்டராக இருந்தார். நோய் என்று வருகிறவர்களுக்கு மட்டுமில்லை, ஊரில் பெரியவர்கள் எல்லாருக்கும் பிரஷர் பார்த்தார். பிற்பாடு கணக்கெடுத்தபோது, பக்கத்தில் அதே மாதிரி இருந்த ஊரைவிட அங்கே அகால மரணம் குறைவாக இருந்தது. மருத்துவம் எங்கே அதிகம் தேவையோ அங்கேதான் அது குறைவாகக் கிடைக்கிறது என்று 1971-இல் எழுதியவரும் அவர்தான். நார்வேயிலும் 2022-இல் ஓர் ஆய்வு வந்தது. ஒரே குடும்ப டாக்டரிடம் 15 ஆண்டுக்கு மேல் போய்வந்தவர்களிடையே இறப்பு, டாக்டரிடம் புதிதாகச் சேர்ந்தவர்களைவிட 25 விழுக்காடு குறைவாம். இவற்றைப் படிக்கப் படிக்க எனக்கு ஆத்திரம்தான் வருகிறது. ஒரு டாக்டரை ஓரிடத்தில் நிலைக்கவிடுவதும் வைத்தியம்தானே? அதற்கு ஏன் ஒரு ஏற்பாடும் இல்லை?

அக்டோபர் 2 கிராம சபையில் இதை எழுப்பப் போகிறேன். ஒருவர் போகும் முன்பே அடுத்தவர் வந்து கூடவே சில நாள் இருந்து நோயாளிகளைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று தீர்மானம் கேட்பேன். தலைவர் சம்மதித்திருக்கிறார். தெருப் பெண்கள் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அதுவரை ஒரு நோட்டுப் போட்டிருக்கிறேன். என்ன மாத்திரை, அதில் என்ன மருந்து, யார் எதற்குக் கொடுத்தது, எப்போது நிறுத்தியது என்று எல்லாம் அதில் இருக்கும். தெருவில் மற்ற வீடுகளுக்கும் எழுதிக் கொடுக்கிறேன். உங்கள் ஊரில் டாக்டர் மாறினால் பழைய விவரம் புதியவருக்கு எப்படிப் போகிறது? விசாரித்து விவரமாக எழுது, சபையில் சொல்ல உதவும்.

கடைசியாக, கோபித்துக்கொள்ளாதே. நீ கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருக்கிறாய்: மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது, காலை எட்டு மணிக்கு டாக்டர் ஆபீஸுக்குப் போன் அடித்தால் வரிசையிலேயே நிற்க வேண்டியிருக்கிறது, கிடைத்தாலும் போன் எடுக்கிற பெண் என்ன வியாதி என்று கேட்கிறாள், கூச்சமாக இருக்கிறது, அதனால் விட்டுவிட்டேன் என்று. இதையா ஓரத்தில் எழுதுவது? அந்தப் பெண் கேட்பது யாரிடம் உன்னை அனுப்பலாம் என்று பார்க்கத்தான். 'மூச்சு வாங்குகிறது, முன்பு இப்படி இல்லை' என்று அவளிடமே பளிச்சென்று சொல். எப்போது தொடங்கியது, என்ன மாத்திரை சாப்பிடுகிறாய் என்று ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு போ. உள்ளே போனதும் முதல் வாக்கியத்தை முழுசாகச் சொல்லி முடிக்காமல் நிறுத்தாதே. நெஞ்சில் வலி வந்தால் எட்டு மணிக்கெல்லாம் காத்திருக்காமல் ஆம்புலன்ஸுக்கு 999-ஐக் கூப்பிடு.

இந்தக் கடிதம் கைக்கு வந்த மறுநாள் காலையே போன் அடி. டாக்டர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுது. மாப்பிள்ளையிடமும் தனியாகச் சொல்லப் போகிறேன், தப்பிக்க முடியாது.

அன்புடன்,
கலா