பத்மாவுக்கு: அது பாப்பி இல்லை

ஈசூன், சிங்கப்பூர்,
மார்ச் 24

அன்புள்ள பத்மா,

உன் படங்கள் வந்தபோது வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். கையெல்லாம் வழவழப்பு. கழுவித் துடைத்துவிட்டுத்தான் போனைத் தொட முடிந்தது. அந்த வழவழப்புக்கும் உன் பூவுக்கும் சொந்தம் இருக்கிறது, சொல்கிறேன்.

"பீனிக்ஸில் சாலையோரமெல்லாம் ஆரஞ்சு பாப்பி" என்று எழுதியிருந்தாய். எண்ணிப் பார், ஐந்து இதழ். அந்த அரிசோனாப் பக்கத்து மலையடிவாரங்களில் பூக்கும் பொன்னிறப் பாப்பிக்கு நாலுதான். அதைவிட, பூவின் நடுவைப் பெரிதாக்கிப் பார். மகரந்தக் காம்புகள் தனித்தனியாக நிற்கவில்லை. எல்லாம் ஒட்டி ஒரே குழலாகி, உச்சியில் மட்டும் பிரிந்து மஞ்சள் பொட்டுகளாக நிற்கின்றன. உயர்நிலை இரண்டில் செம்பருத்தியைப் பிளேடால் நெடுக்கே பிளந்து வரைந்தோமே, அதே குழல். (நீ என் நோட்டைப் பார்த்துத்தான் வரைந்தாய். மறக்கவில்லை.)

ஆக, செம்பருத்திக் குடும்பம். வெண்டை, பருத்தி, பூவரசு எல்லாம் ஒரே வீட்டுப் பிள்ளைகள். டுரியானைக்கூட இப்போது இந்த வீட்டில் சேர்த்துவிட்டார்கள். மாமியாரிடம் சொன்னேன், நம்பவில்லை.

அப்புறம் உன் கண் விஷயம். இலையைத் தடவிவிட்டுக் கண்ணைக் கசக்கினாய், ராத்திரி வரை உறுத்தியது, மகள் தூசி என்றாள், இல்லையா? எனக்குத் தூசியாகத் தோன்றவில்லை. அந்த இலை சாம்பல் பூத்தது போல இருப்பதே நுண்ணிய முடிகளால்தான். ஒவ்வொன்றும் நட்சத்திரம் போலக் கிளைத்திருக்கும், கண்ணில் பட்டால் உறுத்தும். அதனாலேயே அங்கே அதற்குக் 'கண்நோவுப் பாப்பி' என்று ஒரு பெயர் உண்டு. பார்த்தாயா, பாப்பி என்று சொன்னது நீ மட்டும் இல்லை! இவருக்குக் கண்புரை எடுத்து மூன்று வாரம்தான் ஆகிறது. படித்துவிட்டு, "அவளைக் கை கழுவச் சொல்" என்கிறார்.

எனக்கு ஒரே ஓர் இடத்தில்தான் தயக்கம் இருந்தது. நம் ஊர்த் துத்திக்குத் தங்கை மாதிரி ஒன்றும் அரிசோனாவில் உண்டு, அதுவும் ஆரஞ்சு சாய்ந்த மஞ்சள் பூதான். உன் மூன்றாவது படம் காப்பாற்றியது. ஒரு மொட்டு பக்கவாட்டில் விழுந்திருக்கிறது. பச்சைக் கிண்ணத்துக்கு வெளியே நூல் மாதிரி மூன்று சின்னச் செதில்கள் தெரிகின்றன. துத்தி வகைக்கு அது கிடையாது. இலையும் துத்தி போல இதய வடிவம் இல்லை, மூன்று மடலாகச் சுருங்கிக் கிடக்கிறது.

குளோப்மேலோ என்பார்கள். சொனோரா பாலைவனத்தின் சொந்தச் செடி. அதிலும் பல இனம். 'ஸ்பெரால்சியா அம்பிகுவா' என்று நினைக்கிறேன். அம்பிகுவா என்றால் லத்தீனில் ஐயத்துக்குரியது என்று பொருள், நல்ல பெயர்தான். ஆனால் மழைக்கு முளைத்து அந்த வருஷமே காய்ந்துபோகும் தம்பி ஒருவனும் அங்கே இருக்கிறான். அதனால் உனக்கு வேலை தருகிறேன். அடித்தண்டு கட்டை பாய்ந்திருக்கிறதா, ஒரே தூரிலிருந்து நிறைய கிளைத்திருக்கிறதா என்று பார். காய்ந்த காய் ஒன்றையும் பிரித்துப் படம் எடு. பாலாடைக்கட்டியைத் துண்டு போட்ட மாதிரி வட்டமாக அடுக்கியிருக்கும். ஒவ்வொரு துண்டின் அடியிலும் வலைப்பின்னல் இருக்கும். இனத்தைப் பிரிக்க அதைத்தான் பார்ப்பார்களாம்.

இங்கே பேரன் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வுக்குப் படிக்கிறான், வீட்டில் எல்லாரும் படிக்கிறோம். தேக்காவில் முருங்கைக்காய் விலை கேட்காதே.

விதை அனுப்புகிறேன் என்று கிளம்பிவிடாதே, படம் போதும். நம் தாழ்வாரத்துத் தொட்டியில் வைத்தால் இங்கே பெய்கிற மழைக்கு வேர் அழுகிவிடும்.

அன்புடன்,
கமலா