மறுசுழற்சிக்குக் கொடுத்த டிவி காலி மனையில் கிடக்கிறது

அனுப்புநர்: மடிப்பாக்கம் வாடிக்கையாளர், சென்னை
பெறுநர்: வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு

ஐயா,

கடந்த மாதம் எங்கள் வீட்டுப் பரணை ஒழித்தோம். படக்குழாய் வைத்த பழைய டிவி ஒன்று, நான்கு டியூப்லைட்டுகள், இரண்டு வருடச் செய்தித்தாள்கள் இறங்கின. தெருமுனைப் பழைய பேப்பர் கடைக்காரர் பேப்பர் மட்டும் போதும் என்றார். டிவியைப் பார்த்துக் கும்பிடு போட்டுவிட்டார். அவரிடம் ஒளிவுமறைவு இல்லை. வீட்டுக்கே வந்து பழைய பொருட்களை எடுக்கும் உங்கள் செயலியோ மின்னணுக் கழிவு உட்பட எல்லாவற்றையும் முறைப்படி மறுசுழற்சி செய்வதாகச் சொன்னது. நம்பி, பேப்பரையும் சேர்த்து உங்களுக்கே பதிவு செய்தேன்.

இரண்டு முறை தேதி மாற்றி, மூன்றாம் முறை ஆள் வந்தார். எங்கள் வீட்டுத் தராசில் 18 கிலோ இருந்த பேப்பர், அவருடைய கொக்கித் தராசில் 14 ஆனது. போகட்டும், எடையில் கை வைப்பது இத்தொழிலில் புதிதல்ல. டிவிக்கும் டியூப்லைட்டுக்கும் எடுப்புக் கூலி என்று 150 ரூபாய் கேட்டார், கொடுத்தேன். அன்று மாலையே "உங்கள் பொருட்கள் மறுசுழற்சி செய்யப்பட்டன, ஐந்து நட்சத்திரம் தாருங்கள்" என்று குறுஞ்செய்தி வந்தது. தந்தேன்.

எட்டாம் நாள் நடைப்பயிற்சியின்போது, இரண்டு தெரு தள்ளிய காலி மனையில் அந்த டிவியைப் பார்த்தேன். செம்புக் கம்பிச் சுருளை உருவியிருந்தார்கள். படக்குழாயின் கழுத்து ஒடிந்து கிடந்தது. கழற்றி எறிந்த பின்மூடியில், என் மகள் ஒன்றாம் வகுப்பில் ஒட்டிய முயல் ஸ்டிக்கர், ஒரு காது கிழிந்தபடி அப்படியே இருந்தது. டியூப்லைட்டுகள் பக்கத்திலேயே நொறுங்கிக் கிடந்தன.

டிவியின் படக்குழாய்க் கண்ணாடியில் ஈயம் உண்டு, டியூப்லைட்டில் பாதரசம் உண்டு. எங்கள் பகுதியில் மழை பெய்தால் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்பது ஊரறிந்தது. உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் 2022-இல் சேர்ந்த பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் கூப்பிடு தூரத்தில்தான் இருக்கிறது. பெருங்குடிக் குப்பை மேட்டை அது சுமந்தது போதாதா?

உங்கள் சேவை எண்ணில் பேசியவர், எடுத்துச் சென்றவர் ஒப்பந்தக்காரரின் ஆள், எனவே நிறுவனம் பொறுப்பில்லை என்றார். பணம் வாங்கியது உங்கள் செயலி. ரசீதும் உங்கள் பெயரில்தான் இருக்கிறது. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, இத்தகைய கழிவைப் பதிவு பெற்ற மறுசுழற்சியாளரே கையாள வேண்டும். கூலிக்கு வந்தவர் தலையில் பழியைப் போட்டுவிட்டு நீங்கள் ஒதுங்க முடியாது.

நீங்கள் சேகரிக்கும் மின்னணுக் கழிவு எந்தப் பதிவு பெற்ற ஆலைக்குப் போகிறது என்பதை எழுத்தில் தெரிவியுங்கள். என் 150 ரூபாயைத் திருப்பித் தாருங்கள். டிவியைப் பக்கத்து வீட்டுக்காரரும் நானும் தூக்கி வந்து, தார்ப்பாய் போட்டு எங்கள் வாசலிலேயே மூடி வைத்திருக்கிறோம். அதை எடுத்துப்போய், சேர்த்த இடத்தின் ரசீதைக் காட்டுங்கள். 15 நாட்களில் பதில் இல்லையென்றால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் நுகர்வோர் ஆணையத்துக்கும் எழுதுவேன்.

புகைப்படங்களை இணைத்துள்ளேன். மூன்றாவது படத்தில் முயல் தெளிவாகத் தெரியும்.

இப்படிக்கு,
ஐந்து நட்சத்திரம் தந்த வாடிக்கையாளர்