ஸ்பிண்டில் வேகமும் 10 வோல்ட்டும்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் வழக்கம்போல் குன்னூரில் நடந்தன. வடகிழக்குப் பருவமழையில் கோத்தகிரி சாலையில் மண் சரிந்தபோது மட்டும் பாதிப் பேர் வரவில்லை. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். நான் சொல்ல வேண்டியது பெரும்பாலும் ஸ்பிண்டில் வேகத்தைப் பற்றித்தான்; கணினி சொல்படி மரம் செதுக்கும் நம் சிஎன்சி இயந்திரங்களில் வெட்டும் பிட்டைச் சுழற்றும் மோட்டார்தான் ஸ்பிண்டில்.

கையால் வேகத்தைத் திருகும் மரவேலை ரூட்டரை விட்டு, விஎஃப்டியில் (மின்சாரத்தின் அதிர்வெண்ணை மாற்றி மோட்டார் வேகத்தை மாற்றும் பெட்டியில்) ஓடும் ஸ்பிண்டிலுக்கு நம்மில் பலர் மாறிவிட்டோம். 400 ஹெர்ட்ஸில் அது நிமிடத்துக்கு 24,000 சுற்று சுற்றும். எந்த வேகத்தில் ஓட்டுவது என்று அறிய விஎஃப்டி கேட்பது 0 முதல் 10 வோல்ட் வரையிலான சீரான மின்னழுத்தம். ஆர்டுயினோ ஊனோ என்னும் சிறு கட்டுப்பாட்டுப் போர்டில் ஓடி இயந்திரத்தை நடத்தும் ஜிஆர்பிஎல் மென்பொருள் கொடுப்பதோ 11ஆம் பின்னில் விநாடிக்கு ஏறக்குறைய 980 முறை 5 வோல்ட்டுக்கு எழுந்து விழும் துடிப்பு; கேட்ட வேகத்துக்கேற்ப அதன் அகலம் மாறும். இரண்டுக்கும் நடுவே நிற்கும் சிறு போர்டை உறுப்பினர்களே சால்டர் செய்தார்கள்: துடிப்பைச் சமனாக்க 10 கிலோ ஓம் ரெசிஸ்டர், ஒரு கெப்பாசிட்டர், அடுத்து எல்எம்358 என்னும் பெருக்கி ஐசி வழியாக இருமடங்குப் பெருக்கம். அந்த ஐசிக்கு 12 வோல்ட் கொடுத்தால் தொட்டும் தொடாமலும் 10 வோல்ட் வரும். 15 கொடுத்தால் கவலையில்லை.

முதலில் போட்டது 1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர். பாதி வேகத்தில் வெளியீடு கால் வோல்ட் அலைந்தது. வேகக் கணக்கில் அது 600 சுற்று. 10 மைக்ரோஃபாரடுக்கு மாற்றியதும் அலைச்சல் பத்தில் ஒரு பங்காகியது. வேகம் மாற அரை விநாடி பிடிக்கிறது என்று ஒருவர் குறைப்பட்டார். ஸ்பிண்டில் வேகமெடுக்கவே அதைவிட அதிக நேரம் ஆகும் என்பதால் செயற்குழு அதைப் பொருட்படுத்தவில்லை.

ஆண்டின் பெரிய வழக்கு கோத்தகிரி உறுப்பினர் ஒருவருடையது. சில்வர் ஓக் பலகையில் பெயர் செதுக்க 16,000 சுற்று கேட்டார்; வெட்டு நார் நாராகக் கிழிந்தது. மரம் காயவில்லை, பிட் மழுங்கிவிட்டது என்று ஆளுக்கொன்று சொன்னோம். அருவங்காட்டில் லேத் பிடித்து ஓய்வுபெற்ற மூத்த உறுப்பினர் மட்டும் சற்று நேரம் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, "நீங்கள் கேட்ட வேகம் இதில் இல்லை" என்றார். சுற்று வேகம் அளக்கும் டேகோமீட்டர் ஒன்றைக் கடன் வாங்கி அளந்தோம். 12,000ஐ ஒட்டி நின்றது.

காரணம் அமைப்புகளில் இருந்தது. கோத்தகிரி உறுப்பினர் ஜிஆர்பிஎல்லில் அதிகபட்ச வேகத்துக்கான டாலர் 30 என்னும் அமைப்பை 24,000 என்றும் குறைந்தபட்ச வேகத்துக்கான டாலர் 31ஐ 8,000 என்றும் வைத்திருந்தார். ஜிஆர்பிஎல் குறைந்தபட்ச வேகத்தை ஏறத்தாழ 0 வோல்ட்டாகவும் அதிகபட்சத்தை முழு வோல்ட்டாகவும் எடுத்துக்கொண்டு இடையில் நேர்கோடு போடுகிறது. 16,000 சரி நடுவில் விழ, வெளியே வந்தது 5 வோல்ட். விஎஃப்டியின் கணக்கில் 5 வோல்ட் என்றால் 200 ஹெர்ட்ஸ், அதாவது 12,000 சுற்று. இரண்டு பெட்டிகளும் தத்தம் கணக்கில் நியாயவாதிகள்! டாலர் 31ஐ 0 ஆக்கிவிட்டு, கீழ் வரம்பை விஎஃப்டியிலேயே 133 ஹெர்ட்ஸ் என்று வைத்தோம். வரம்பு அவசியம்தான்: காற்றில் குளிரும் ஸ்பிண்டிலின் விசிறி அதே தண்டில் இருப்பதால் மெதுவாக ஓடினால் சூடேறும். ஓட்டு, நிறுத்து என்னும் கட்டளையைத் தனி ரிலே வழியாகவே கொடுக்க வேண்டும். 0 வோல்ட் அனுப்பிவிட்டோம் என்று நம்பி யாரும் பிட்டின் அருகே கை வைக்கக் கூடாது.

இன்னொன்று. கடல்மட்டத்திலிருந்து 1,000 மீட்டருக்கு மேல், ஒவ்வொரு 100 மீட்டருக்கும் விஎஃப்டியின் திறனில் ஏறக்குறைய 1 சதவீதம் கழிப்பது வழக்கம். மெலிந்த காற்று சூட்டைக் குறைவாகவே எடுத்துச் செல்லும். குன்னூரின் உயரத்துக்கு 8 சதவீதம் போய்விடும். சமவெளிக் கடைக்காரர்கள் இதைச் சொல்வதில்லை. அவர்கள் கடை மலையில் இல்லையே. நீரில் குளிரும் ஸ்பிண்டில் வைத்திருக்கும் ஊட்டி உறுப்பினர்கள், டிசம்பர், ஜனவரி உறைபனி இரவுகளில் குழாயில் வெறும் தண்ணீரை விட்டு வைக்க வேண்டாம்.

கடன் வாங்கிய டேகோமீட்டரைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. சங்கத்துக்கென ஒன்று வாங்கும் தீர்மானத்தைச் செயற்குழு முன்வைக்கிறது. சந்தாவை உயர்த்தாமலே முடியும் என்று பொருளாளர் சொல்லியிருக்கிறார்; அதை எழுத்திலும் வாங்கி வைத்திருக்கிறேன்.

செயலாளர்