தனிக்கதைகளுக்கு இடம் கொடுங்கள்

ஆசிரியருக்கு,

லோகேஷ் கனகராஜ் இயக்கி 2019-இல் வந்த 'கைதி' படத்தில் பாட்டு இல்லை, நாயகி இல்லை. ஒரே இரவு, ஒரு லாரி, மகளை முதன்முதலாகப் பார்க்கத் துடிக்கும் ஒரு தகப்பன். பக்கெட்டிலிருந்து பிரியாணியை அவன் அள்ளித் தின்னும் காட்சி ஒன்றே அவன் சிறை வாழ்க்கையைச் சொல்லிவிட்டது. 'விக்ரம்' (2022), 'லியோ' (2023) என்று அது தொடராக நீண்டபின், எந்தப் படம் எதோடு இணைகிறது என்பதே பேச்சாகிவிட்டது. 'லியோ'வுக்கு அந்த முடிச்சு தேவையே இல்லை. விறுவிறுப்புக்குக் குறைவில்லைதான், மனிதர்கள்தான் சுருங்கிப்போனார்கள்.

'மாநகரம்' எடுத்த லோகேஷ் கனகராஜிடம் தனிக்கதைகள் இன்னும் எத்தனையோ இருக்கும். அவற்றையும் அவர் எடுக்கட்டும். புது இயக்குநர் கதை சொல்ல வந்தால், இரண்டாம் பாகத்துக்கு இடமிருக்கிறதா என்று கேட்காமல் முழுக்கதையையும் தயாரிப்பாளர்கள் காது கொடுத்துக் கேட்க வேண்டும்.

- வாசகர், மதுரை