நாலேகால் மணிக்கு ஒரு களம் வேண்டும்

நம் ஊர் டென்னிஸ் களங்களை நிர்வகிக்கும் குழுவின் தலைவர், செயலாளர், உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

கடந்த மகளிர் தினத்தன்று களத்தின் வாயிலில் டென்னிஸ் வீராங்கனை நிருபமா வைத்தியநாதனின் பெரிய படத்தை நீங்கள் திறந்துவைத்தபோது கைதட்டியவர்களில் நானும் ஒருத்தி. மலையிறங்கினால் வரும் கோயம்புத்தூரில் பிறந்தவர்தான் அவர் என்றும், நம் பிள்ளைகளும் அவரைப்போல் வர வேண்டும் என்றும் செயலாளர் அவர்கள் உருக்கமாகப் பேசினார். பதினெட்டு நாள் கழித்து அதே படத்துக்கு நேர் கீழே ஓர் அறிவிப்பு ஒட்டப்பட்டது. மாணவியரின் பயிற்சி நேரம் இனிப் பிற்பகல் 2 மணி முதல் 4 மணி வரை என்று அது சொல்கிறது. பள்ளிக்கூடம் 4 மணிக்குத்தான் விடும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. உங்களில் இருவர் பெற்றோர் ஆசிரியர் கழகத்திலும் இருக்கிறீர்கள்.

என் வேண்டுகோள் ஒன்றே ஒன்றுதான். திங்கள், புதன், வெள்ளிக்கிழமைகளில் மாலை 4.15 முதல் 6 மணி வரை, இதற்குமுன் இருந்தபடியே, இரண்டு களங்களில் ஒன்றை மாணவியருக்குத் தர வேண்டும்.

இந்த ஒன்றேமுக்கால் மணி நேரத்துக்கு ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று நீங்கள் கேட்கலாம். நீலகிரியின் இந்தக் கிழக்குச் சரிவில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் வடகிழக்குப் பருவமழையில் நம் மண் களங்கள் உருளை இழுக்க முடியாத சேறாகிவிடும். ஜூனிலிருந்து செப்டம்பர் வரை, மூடுபனி இறங்காத மாலை வாய்த்தால்தான் ஆட்டம். ஜனவரிக் காலைகளில் புல்லெல்லாம் உறைபனி படிந்திருக்கும். நனைந்து கனத்த பந்தை அடித்துப் பிள்ளைகளுக்கு மணிக்கட்டு வலிதான் மிஞ்சும். மே மாதத்தில், கோடை விழா பார்க்க வருவோரின் வண்டிகளை நிறுத்தக் களத்தையே கொடுத்துவிடுகிறீர்கள். மீதமிருக்கும் மாதங்களில் பரீட்சை போக எஞ்சுவது சில வாரங்களின் மாலைப் பொழுது மட்டுமே, அதையும் இப்போது எடுத்துக்கொண்டீர்கள்.

அந்தச் சில வாரங்களிலும் பாதி நேரம் பந்து தேடுவதில் கழிகிறது. ஆறாயிரம் அடி உயரத்தில் காற்றின் அடர்த்தி குறைவு என்பதால், சமவெளியில் கோட்டுக்குள் விழும் அடி இங்கே கோட்டைத் தாண்டிப் போகும். 1,219 மீட்டருக்கு மேற்பட்ட இடங்களுக்கென்று பன்னாட்டு டென்னிஸ் கூட்டமைப்பு தனி வகைப் பந்தையே வகுத்திருக்கிறது. எங்கள் பிள்ளைகளிடம் இருப்பவையோ உறுப்பினர்கள் ஆடிக் கழித்த சாதாரணப் பந்துகள். அவை வேலியைத் தாண்டித் தேயிலைச் செடிகளுக்குள் விழுந்தால் ஒருத்தி சரிவில் இறங்கித் தேடுவாள், மற்ற மூவரும் காத்து நிற்பார்கள். உங்களிடம் புதிய பந்துகளையோ விளக்குகளையோ நான் கேட்கவில்லை. நேரத்தை மட்டுமே கேட்கிறேன்.

இந்தப் பிள்ளைகளில் ஒருத்திக்குப் பதின்மூன்று வயது. தாய் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறார். அறிவிப்பு வந்தபின், கடைசி இரண்டு பாடவேளைகளுக்கு விடுப்புக் கேட்டுத் தலைமையாசிரியரிடம் போனாள். அவர் மறுத்தார், மறுத்ததும் சரியே. இப்போது பள்ளி விட்டதும் வந்து, களத்துக்கு வெளியே உள்ள தடுப்புச் சுவரில் தனியாகப் பந்தடித்துக்கொண்டிருக்கிறாள். சுவரில் கருங்கல் துருத்திக்கொண்டிருப்பதால் பந்து எந்தத் திசையில் திரும்பும் என்று சொல்ல முடியாது. அதனால் அவளுடைய பேக்ஹேண்ட் நாளுக்கு நாள் கெட்டுவருகிறது. சென்ற புதன்கிழமை நானும் அங்கே நின்று கடிகாரத்தைப் பார்த்தேன். முதல் களத்தில் நான்கு பெரியவர்கள் இரட்டையர் ஆடினார்கள். இரண்டாம் களத்தில் ஐம்பது நிமிடம் வலை மட்டும்தான் இருந்தது. "டீச்சர், அங்கே யாருமே இல்லையே, நாங்கள் போகக் கூடாதா?" என்று கேட்டாள். முப்பத்தோரு ஆண்டு உடற்கல்வி ஆசிரியையாக இருந்த எனக்கு அதற்குப் பதில் தெரியவில்லை.

ஆஸ்திரேலியாவின் பரெல்லன் என்ற சிற்றூரிலும் இப்படித்தான் ஒரு பழங்குடிச் சிறுமி வேலிக்கு வெளியே நின்று ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளூர்க்காரர் ஒருவர் அவளை உள்ளே அழைத்தார். அந்த இவான் கூலகாங் 1971இல் விம்பிள்டனை வென்றார். அந்த ஊர்க்காரர் அன்று அறிவிப்புப் பலகையைப் படிக்கவில்லை போலும்.

நீங்கள் திறந்துவைத்த படத்தில் நிருபமாவை 'உலகச் சாம்பியன்' என்று எழுதியிருக்கிறீர்கள். பணிவுடன் திருத்துகிறேன், அவர் உலகச் சாம்பியன் அல்ல. ஒற்றையரில் அவர் எட்டிய உச்சம் உலகத் தரவரிசையில் 134ஆம் இடம். அந்த எண்ணை மறைக்க வேண்டிய அவசியமே இல்லை. ரஞ்சிக் கோப்பையில் தமிழ்நாட்டுக்காக ஆடிய தந்தையே அவருக்கு டென்னிஸ் கற்றுத்தந்தார். 1998 ஜனவரியில், 21 வயதில், ஆஸ்திரேலிய ஓபன் முதல் சுற்றில் இத்தாலியின் குளோரியா பிட்ஸிகினியை அவர் தோற்கடித்தார். தொழில்முறை ஆட்டக்காரர்களையும் சேர்த்துக்கொண்ட ஓபன் சகாப்தம் 1968இல் தொடங்கியதிலிருந்து, கிராண்ட்ஸ்லாம் எனப்படும் நான்கு பெரிய போட்டிகளின் ஒற்றையர் பிரதான சுற்றில் ஓர் இந்தியப் பெண் வென்ற முதல் ஆட்டம் அது. முப்பது ஆண்டுகள் காத்திருந்து கிடைத்த ஒரு வெற்றி. அதே ஆண்டு பாங்காக் ஆசிய விளையாட்டில் மகேஷ் பூபதியுடன் கலப்பு இரட்டையரில் வெண்கலம் பெற்றார். தாயான பிறகு, 33 வயதில், மீண்டும் மட்டையைப் பிடித்து 2010 தில்லி காமன்வெல்த் போட்டியிலும் ஆடினார். சானியா மிர்சா 2005இல் ஹைதராபாத்தில் பட்டம் வென்றதைக் கொண்டாடும் நாம், அதற்கு ஏழு ஆண்டு முன்னரே கதவைத் தட்டித் திறந்தவர் யார் என்று எழுதும்போது இல்லாத பட்டம் ஒன்றைச் சூட்டிவிட்டோம். உள்ளதைச் சொன்னாலே போதுமே.

நேரத்தை மாற்றியதற்குப் பாதுகாப்பையே காரணமாகச் சொல்கிறீர்கள். மாலையில் காட்டெருமைகள் சாலைக்கு வருகின்றன, பெண் பிள்ளைகள் இருட்டுவதற்குள் வீடு சேர வேண்டும் என்கிறீர்கள். அக்கறைக்கு நன்றி. ஆனால் காட்டெருமை ஆண், பெண் பார்த்து வழிமறிப்பதாக எனக்குத் தெரியவில்லை. உறுப்பினர்கள் ஏழு மணிக்கு அதே சாலையில்தான் வீடு திரும்புகிறார்கள். பிள்ளைகளை ஆறு மணிக்கு நானே பேருந்து நிறுத்தம் வரை கூட்டிச்சென்று ஏற்றிவிட்டுத்தான் போவேன். இத்தனை ஆண்டுகளும் அப்படித்தான் செய்தேன்.

பொதுவாகவே நமக்கு வென்ற பெண்களைப் பிடிக்கிறது. பதாகை வைக்கிறோம், சால்வை போர்த்துகிறோம், பரிசுக் கோப்பையுடன் நின்று படம் எடுத்துக்கொள்கிறோம். வெல்வதற்கு முன்னால் அவர்கள் வியர்த்துக்கொண்டும் தோற்றுக்கொண்டும் இருக்கும் சில ஆண்டுகளில்தான் நமக்கு இடமும் இல்லை, நேரமும் இல்லை. அவ்வளவு ஏன், இந்த மகளிர் தின விழாவில் நாற்காலிகளை எடுத்துப்போட்டதும் இதே பிள்ளைகள்தாம். அன்று மாலை ஆறு மணி தாண்டியும் அவர்கள் களத்தில் இருந்தார்கள், அப்போது யாரும் காட்டெருமையைப் பற்றிப் பேசவில்லை.

மன்னிக்கவும், கடுமையாக எழுதிவிட்டேன். உங்கள் குழுவில் உள்ள பலர் என்னிடம் படித்தவர்கள், நல்லவர்கள் என்பதையும் நான் அறிவேன். ஆகவே மீண்டும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்: திங்கள், புதன், வெள்ளி, மாலை 4.15 முதல் 6 மணி வரை, ஒரு களம். முதல் களம்தான் வேண்டும் என்பதில்லை, காலியாகக் கிடக்கும் இரண்டாம் களமே போதும்.

வரும் திங்கட்கிழமை நாலேகால் மணிக்கு ஆறு பிள்ளைகளுடன் வாயிலுக்கு வருகிறேன். காவலாளியிடம் சாவியைக் கொடுத்துவைக்குமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியை ஒருவர்