பைனாகுலர் தந்த ஐயாவுக்கு நன்றி

சென்னை பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தோரம் சும்மா நின்றிருந்த என்னிடம், "இதுல பாருங்க தம்பி" என்று பைனாகுலரை நீட்டிய ஐயாவுக்கு மனமார்ந்த நன்றி. உங்கள் பெயர்கூடத் தெரியாது.

நீங்கள் காட்டிய நீளவால் இலைக்கோழி கண்ணிலேயே நிற்கிறது. நீண்ட விரல்களைப் பரப்பி, மிதக்கும் இலைகள்மேல் முங்காமல் நடந்தது. அடைகாப்பதும் குஞ்சு வளர்ப்பதும் ஆண் பறவைதான் என்றீர்கள். வீட்டில் யாரும் நம்பவில்லை!

அப்புறம் மாதக்கணக்காக, அந்தப் பக்கம் போனாலே வண்டி ஓரங்கட்டிவிடுகிறது. நீலத் தாழைக்கோழி தண்டை ஒரு காலால் பிடித்துக் கடிப்பதைப் போன வாரம் பார்த்தேன். எவ்வளவு அழகு!

உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் 2022-இல் சேர்ந்த இடம்தான். ஆனாலும் எனக்குக் காட்டித் தந்தவர் நீங்கள். பூநாரை வரும் பருவத்தில் அங்கே இருப்பேன், ஐயா. பார்த்தால் கூப்பிடுங்கள், டீ என் கணக்கு.